வாய் மூடாத ஆஞ்சப்பன்

ராஜப்பன்: ...அதெல்லாம் எனக்குத் தெரியாது ஆஞ்சப்பா. இன்னிக்கு ஒண்டி நீ கோதாவுல வாயத் தெறக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஆஞ்சப்பன்: வாயத் தெறக்காம எப்படிண்ணா மூச்சு வுடறது?

ராஜப்பன்: மூக்குல வுடு. ஊரே அப்படித்தான் வுடுது.

ஆஞ்சப்பன்: ஊரு குஸ்தி போடலியே. டேய் திம்மா, கேட்டியா? "முரட்டு வாய் ஆஞ்சப்பன்"னு நோட்டீசு அடிச்சு, ஓசூருல இருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் செவுரு செவுரா ஒட்டினவரு, இப்ப வாய மூடுன்றாரு.

திம்மராயன்: கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறன்.

ராஜப்பன்: நோட்டீசு அடிச்சது நான்தான். இந்த டெண்ட்டும் என்னுதுதான். சொல்றதுக்கு எனக்கு உரிமை இல்லியா? பேரிகை ஊருல என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?

ஆஞ்சப்பன்: என்ன ஆச்சு? நாலு கல்லு வந்துச்சு. எல்லாம் என் முதுவுலதான் பட்டுச்சு. உங்க மேல ஒண்ணாவது பட்டுச்சா?

ராஜப்பன்: டெண்ட்டு கிழிஞ்சுதே!

ஆஞ்சப்பன்: கிழிஞ்சத தெச்சாச்சு. மறுநாளு அதே ஊரு ஜனம் எங்கிட்ட திட்டு வாங்கறதுக்குன்னே முண்டியடிச்சுக்கிட்டு வந்துச்சே, அதச் சொல்லுங்க.

ராஜப்பன்: பின்ன, நீ பேசுன பேச்சுக்கு மாலையா போடுவாங்க? "பேரிகை ஆம்பளைங்க சந்தையில கத்திரிக்கா விக்கத்தான் லாயக்கு"ன்னா...

திம்மராயன்: எங்க ஊருதாண்ணா அது. எங்க சித்தப்பா மொத வரிசையில ஒக்காந்திருந்தாரு. கத்திரிக்காதான் விக்கறாரு.

ஆஞ்சப்பன்: மொதக் கல்லும் அவருதுதான்டா.

ராஜப்பன்: சிரிங்க, நல்லா சிரிங்க. இது பேரிகை இல்லப்பா, ஓசூரு. தேருக்கு வந்த ஜனம் பாதி இன்னும் ஊரு திரும்பல. வெளிய எட்டிப் பாரு. இந்தப் பக்கம் தமிழு, அந்தப் பக்கம் கன்னடம், நடுவுல தெலுங்கு. ஸ்டேட்டப் பிரிச்சு இப்பத்தான் கோடு போட்டிருக்காங்க. எவன் எந்த வார்த்தைக்கு எகிறுவான்னு யாரு கண்டா? நீ என்னடான்னா மூணு பாஷையிலயும் திட்டற.

ஆஞ்சப்பன்: மூணு பேரும்தான டிக்கெட்டு எடுத்திருக்காங்க? ஒருத்தன வுட்டுட்டு இன்னொருத்தன ஒண்டி திட்டினா ஓரவஞ்சனை ஆயிடாது?

ராஜப்பன்: இதப் பாரு, வெளையாட்டு இல்ல. தேர்க் கமிட்டி வெங்கடசாமி காலையில நேரா எங்கிட்டயே வந்துட்டாரு. "குஸ்தி நடத்து, வேணாங்கல. ஆனா அந்த ஆளு வாயில இருந்து ஒரு வார்த்த வந்துச்சுன்னா, டெண்ட்டச் சுருட்டிக்கிட்டு ராத்திரியே கெளம்பிடணும்"னுட்டாரு. வீட்டுப் பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டு வராராம்.

ஆஞ்சப்பன்: நல்லா வரட்டும். பொம்பளைங்கதான் என்ன நல்லாத் திட்டுவாங்க.

திம்மராயன்: ஆஞ்சா... என் லங்கோடு எங்கடா?

ஆஞ்சப்பன்: இந்தா. கைய நீட்டு... ம்.

ராஜப்பன்: ஏன், கால்மாட்டுலதான கெடந்துச்சு? அத எடுத்துக் கையில வேற குடுக்கணுமா? கல்யாண மாப்பிள்ளையா அவன்?

ஆஞ்சப்பன்: சிங்கம்ணா. "ஓசூர்ச் சிங்கம் திம்மராயன்"னு நீங்கதான போட்டீங்க? சிங்கம் குனிஞ்சு லங்கோடு பொறுக்குமா?

ராஜப்பன்: உங்க ரெண்டு பேரையும் நெனச்சா எனக்குத் தலையே சுத்துது. உள்ள வந்தா லங்கோடு எடுத்துக் குடுக்கற. உம்பொண்டாட்டி சென்னம்மா தெனமும் ஆட்டு ஈரலு வறுத்து இவனுக்குத் தூக்குல குடுத்தனுப்பறா. வெளிய போனா இவன் மூக்கு, மீச, வம்சம் ஒண்ணு வுடறதில்ல. ஜனம் இதப் பாத்துச்சுன்னா டிக்கெட்டத் திருப்பிக் கேக்கும்.

திம்மராயன்: சென்னம்மா வறுவலு நல்லாத்தாண்ணா இருக்கும். உப்புதான் கொஞ்சம் தூக்கலு.

ஆஞ்சப்பன்: தின்னுட்டுப் பேசறான் பாருங்க. இவனத் திட்டாம இருக்க முடியுமா?

ராஜப்பன்: ஆஞ்சப்பா... கோவப்படாமக் கேளு. உன் நல்லதுக்குத்தான் சொல்றன். காலையில பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கப் போனியே, கடைக்காரம்மா என்ன சொல்லிச்சு?

ஆஞ்சப்பன்: திம்மராயனப் பேசுன வாய்க்கு இங்க டீ கெடையாதுன்னுச்சு.

ராஜப்பன்: நீ என்ன சொன்ன?

ஆஞ்சப்பன்: அப்ப காப்பி குடுன்னேன்.

திம்மராயன்: ...குடுத்துச்சா?

ஆஞ்சப்பன்: சொம்புத் தண்ணிய மூஞ்சியில ஊத்துச்சு. வெயிலுக்கு நல்லாத்தான் இருந்துச்சு, போ.

ராஜப்பன்: சென்னம்மாவ? அவள என்ன கேக்கறாங்கன்னு தெரியுமா?

ஆஞ்சப்பன்: தெரியும். "அந்தாளோட எப்படிம்மா குடித்தனம் பண்ற"ன்னு கெணத்தடியில கேட்டாங்களாம். காதுல பஞ்சு வெச்சுக்குவேன்னாளாம். அவளுக்கு என்ன வுட வாயி ஜாஸ்தி.

ராஜப்பன்: எல்லாத்துக்கும் ஒரு பதிலு வெச்சிருக்கற. மனசுக்குக் கஷ்டமா இல்லியாடா உனக்கு?

ஆஞ்சப்பன்: ...இல்லாம இருக்குமா? எம்பொண்ணு காவேரி பக்கத்துல ஒரு புள்ள ஒக்கார மாட்டேங்குதாம் ஸ்கூல்ல. உங்கப்பன் வாயி சாக்கடைன்னு சொல்லுதாம். வூட்டுக்கு வந்து அழுவுது. ஆனா வாய ஒண்டி மூட மாட்டன்.

ராஜப்பன்: அதான் ஏன்? ஏன் இந்தத் திமிரு?

ஆஞ்சப்பன்: திமிருதான்ணா. பொறந்த திமிரு. எங்க ஊரு சிங்காரப்பேட்டைத் திமிரு. போதுமா?

ராஜப்பன்: சரி, கடைசியா ஒரு வழி சொல்றன். பேசாத. மொறச்சுப் பாரு. செருப்புக் காலோட கோதா மண்ண மிதிக்கிறியே, அத வேணும்னா மிதிச்சுக்க. தொடையத் தட்டு. அதுவே ஜனத்துக்குப் போதும்.

ஆஞ்சப்பன்: தொடையத் தட்டலாமா? எத்தன தடவ?

ராஜப்பன்: ஒரு தடவ தட்டினா போதாது?

திம்மராயன்: ஒரு தட்டு பத்தாதுண்ணா. அவன் எடம் மாறிடுவான்...

ராஜப்பன்: என்னாது?

ஆஞ்சப்பன்: ஒண்ணுமில்ல. ஒரு தட்டுக்கெல்லாம் ஓசூரு ஜனம் அசையாதுன்றான். அண்ணா, இப்படிச் செய்யட்டுமா? நான் ஊரத் திட்டல. இவனத் திட்டல. இவங்க அம்மாளத் திட்டல. என்னையே நான் திட்டிக்கறன். விடாம. "ஆஞ்சப்பா, நீயெல்லாம் ஒரு பயில்வானா, எருமக் கன்னுக்குட்டி"ன்னு... அதுல யாருக்கு என்ன நஷ்டம்?

ராஜப்பன்: பைத்தியம் புடிச்சிருக்குதா உனக்கு? ஒரு வார்த்தன்னா ஒரு வார்த்ததான். மூச்சு காட்டக் கூடாது. இன்னொண்ணு. டெண்ட்டு வாசல்ல இருந்து கோதா வரைக்கும் இவன் கையப் புடிச்சு வண்டிமாடு மாதிரி இழுத்துக்கிட்டுப் போற பாரு, அதுவும் வேணாம். மரியாதையா தனித்தனியா நடந்து வாங்க.

ஆஞ்சப்பன்: அது முடியாது.

ராஜப்பன்: எது முடியாது?

ஆஞ்சப்பன்: ரெண்டுமே முடியாது. இழுக்காம வர மாட்டன், திட்டாம குஸ்தி போட மாட்டன். வெங்கடசாமிய வரச் சொல்லுங்க, அவரு மூஞ்சிக்கு நேராவே சொல்றன்.

ராஜப்பன்: அப்படியா சேதி? நீ இப்படித்தான் சொல்லுவன்னு எனக்குத் தெரியும். அதான் காலையிலயே கிருஷ்ணகிரிக்கு ஆளனுப்பிட்டன். நாராயணப்பன் வந்து பின்னாடி ஒக்காந்திருக்கான். நீ வேணாம், போ. திம்மனோட இன்னிக்கு அவன் போடட்டும்.

ஆஞ்சப்பன்: ...நாராயணப்பனா?

ராஜப்பன்: அவனேதான். தங்கமான புள்ள. வாயில வெரல வெச்சாலும் கடிக்க மாட்டான். பேச்சே கெடையாது.

திம்மராயன்: அவன் நடந்தாக்கூடச் சத்தம் வராதேண்ணா...

ராஜப்பன்: அதான வேணும் எனக்கு!

ஆஞ்சப்பன்: அண்ணா, நாராயணப்பன் ஒண்டி வேணாம். நான் சொல்றத... அண்ணா, குஸ்தியே இன்னிக்கு இல்லன்னு சொல்லிடுங்க. எனக்கு வயித்துவலின்னு சொல்லுங்க. இவனுக்கு வயித்துவலின்னு சொல்லுங்க.

ராஜப்பன்: பாத்தியா, பாத்தியா! உன் எடத்துல இன்னொருத்தன் நின்னா உனக்குப் பொறுக்கல. பொறாம!

ஆஞ்சப்பன்: ஆமா, பொறாமதான். எவ்வளவு பெரிய பொறாமன்னு வெச்சுக்கறீங்களோ வெச்சுக்குங்க. இவனோட கோதாவுல நின்னா நான்தான் நிப்பன். இன்னொருத்தன் நிக்கக் கூடாது.

ராஜப்பன்: நீ யாருடா அதச் சொல்றதுக்கு? மூட்டையக் கட்டு. இனிமே என் டெண்ட்டுல உனக்கு எடம் கெடையாது.

ஆஞ்சப்பன்: கட்டறன். கட்டிக்கிட்டு நேரா எங்க போவன் தெரியுமா? கோதாவுக்கு. நாராயணப்பன் இவன் முன்னாடி வந்து நின்னான்னு வையுங்க, நடுவுல ஏறி நின்னு கமிட்டிய, வெங்கடசாமிய, உங்கள, உங்க பாட்டன் முப்பாட்டன, ஒருத்தர் பாக்கியில்லாமத் திட்டுவன். மூணு பாஷையிலயும்!

ராஜப்பன்: போலீசக் கூப்புடுவன்.

ஆஞ்சப்பன்: கூப்புடுங்க. அவங்களையும் சேத்துக்கறன்.

திம்மராயன்: ராஜப்பண்ணா.

ராஜப்பன்: நீ சும்மா இரு திம்மா. நீ போயி எண்ணெயத் தடவிக்க. மேளம் அடிக்க ஆரம்பிச்சுட்டான். வெளிய இருட்டிப் போச்சு, பெட்ரோமாக்ஸ் எல்லாம் ஏத்தியாச்சு...

திம்மராயன்: அவன் போனா நானும் போறன்.

ராஜப்பன்: ...என்ன சொன்ன?

திம்மராயன்: ஆஞ்சப்பன் இல்லாம நான் கோதாவுல கால வெக்க மாட்டன். அவன் பேசாம இருந்தாலும் வெக்க மாட்டன்.

ராஜப்பன்: உனக்கென்னடா தலையெழுத்து? ஊரே உன்னத் தோளுல தூக்கிக்கிட்டு ஆடுது. பொம்பளைங்க புள்ளைக்கு உன் பேரு வெக்கறாங்க. இவன் ஆயிரம் ஜனம் முன்னாடி உங்க அம்மாளப் பத்திப் பேசறான்...

திம்மராயன்: எங்கம்மா முன்னாடியே பேசியிருக்கான். கேட்டுட்டு அது வூட்டுக்கு வந்து இவனுக்குக் களி கிண்டிப் போட்டுச்சு. "இன்னும் கொஞ்சம் சத்தமாத் திட்டு சாமி"ன்னுச்சு.

ராஜப்பன்: பெத்தவளே சொன்னாளா? என்னடா இது கூத்து! என்ன மருந்து வெச்சான் உங்க குடும்பத்துக்கு?

திம்மராயன்: அண்ணா, சொல்லிடறன்...

ஆஞ்சப்பன்: திம்மா. வேணாம். வாய மூடு.

ராஜப்பன்: ஆகா! யாரு யார வாய மூடச் சொல்றதுன்னு பாரு!

ஆஞ்சப்பன்: மூடுன்றன்ல? அண்ணா, நான் போயிடறன். சண்ட வேணாம். சொன்னதெல்லாம் தப்பு. நாராயணப்பன அனுப்பிட்டு, நாளைக்குப் பகல்ல குஸ்தி வெச்சுக்கங்க. உங்க கால்ல வுழறன்.

ராஜப்பன்: நீயா? நீயாடா கால்ல வுழற?

திம்மராயன்: எழுந்திருடா! நீ எதுக்கு வுழணும்? இன்னும் எத்தன ஊருல எனக்காகக் கல்லடி வாங்குவ? உம்பொண்ணு அங்க அழுவுது. நான் இங்க மாலை போட்டுக்கிட்டு நிக்கறன். எனக்கு வெக்கமா இருக்குது ஆஞ்சா.

ஆஞ்சப்பன்: அழுதா அழட்டும், நான் சமாதானம் சொல்லிக்கறன். நீ சொல்லிட்டீன்னா உன் பொழப்பு போச்சு. அப்பறம் உன்ன எவன் கோதாவுல ஏத்துவான்?

திம்மராயன்: ஏத்தாட்டிப் போறான். நான் பேரிகைக்குப் போயி கத்திரிக்கா விக்கறன்.

ராஜப்பன்: டேய், டேய்... ரெண்டு பேரும் என்னடா மறைக்கறீங்க? வெளிய ஜனம் கூவுது, எனக்கு நேரமில்ல. அவன் வாயில அப்படி என்னதான் இருக்குது? சொல்லு திம்மா. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

திம்மராயன்: எந்தப் பக்கம் நிக்கறீங்கண்ணா? இன்னொரு வார்த்த பேசுங்க, திரும்பறன்... பொழுது எறங்கிட்டா எனக்குக் கண்ணு தெரியாது. மாலைக்கண்ணு. உங்க டெண்ட்டுக்கு வந்த நாள்ல இருந்தே இருக்குது. பெட்ரோமாக்ஸ எத்தன ஏத்தினாலும் எனக்குக் கலங்கலாத்தான் கெடக்கும், ஆளு தெரியாது. கை பட்டுட்டா எவனா இருந்தாலும் சாய்ச்சுடுவன், அதுக்குக் கண்ணு வேண்டியதில்ல. கை படற வரைக்கும் என்ன செய்யறது? அவன் எங்க நின்னு ஏசறானோ, அந்தச் சத்தத்து மேல பாயறன். ஓசூர்ச் சிங்கம் குருடன்னு வெளிய போயிச் சொல்றதா இருந்தா சொல்லுங்க. இல்ல, டெண்ட்டப் பிரிச்சாலும் பரவாயில்ல, எங்க ஆஞ்சப்பன் திட்டத்தான் திட்டுவான்னு வெங்கடசாமிகிட்ட சொல்லுங்க. எதுன்னு நீங்க முடிவு பண்ணிக்கங்க, நான் கோதாவுக்குக் கெளம்பிட்டன். டேய் ஆஞ்சா, எழுந்து முன்னாடி நட. இங்க இருந்தே திட்ட ஆரம்பிடா!