வருகிறவர்களுக்குத் தெரியாத பெயர்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எனக்குப் பெரிய தொல்லை பிள்ளைகளின் விரல்தான், போதகரய்யா. வரன் தேடி வருகிறவர்கள் வீட்டுப் பொடிசுகளையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். அப்பா ஒரு பெயரைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பொடிசு ஒரு பட்டனைத் தட்டும். யாரோ ஒரு பெண்ணின் வயது காணாமல் போகும். பெரியவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? "அந்த டாக்டர் வீட்டுப் புள்ளைக்கு எம்புட்டு நகை போடுதாவ, செத்த காட்டுங்களேன்" என்று அடுத்தவர் விவரத்தை எல்லாம் நோண்டுவார்கள். ராஜபாளையத்தில் கல்யாணத் தகவல் மையம் நடத்துகிறவளுக்கு ஊர் வாயை அடக்குவதே முக்கால்வாசி வேலை. கம்ப்யூட்டருக்கும் ஒரு பூட்டு வேண்டியிருந்தது.

தொண்ணூற்றேழில் சாகுல் ஹமீது என்ற கம்ப்யூட்டர் வாத்தியார் வந்து அதைச் செய்து கொடுத்தார். திறந்ததும் ஒரே ஒரு பக்கம்தான் வரும். மெனு கிடையாது, உள்ளே இருக்கிற பட்டியல் தெரியாது. ஷிப்ட் பட்டனை அமுக்கிக்கொண்டு திறந்தால் உள்ளே புகுந்துவிடலாமாம். அந்த வழியையும் அடைத்தார். மூன்று பெயரில் நுழையலாம். வருகிறவர்களுக்கு 'விருந்தினர்'. பார்க்கலாம், மாற்ற முடியாது. டைப் அடிக்கிற என் தங்கை அமிர்தவல்லிக்கு அவள் பெயர். எல்லாரையும் பார்க்கலாம், திருத்தலாம். மூன்றாவது என் பெயர். என் பெயரில் நுழைந்தால் மட்டும் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம் தெரியும். அதில் டிக் இருந்தால்தான் அந்த ஆள் விருந்தினர் கண்ணில் படுவார். கல்யாணம் முடிவானவர்களை மறைக்கத்தான் அந்த ஏற்பாடு.

"பாஸ்வேர்டை யாருகிட்டயும் சொல்லிராதீங்கக்கா," என்றார் சாகுல்.

"எம் புருஷன் இருந்த காலத்துல அவருகிட்டயே எதையும் சொன்னதில்ல, தம்பி," என்றேன். சிரித்தார்.

அமிர்தம் தன் விவரத்தைத் தானே டைப் அடித்தாள். மம்சாபுரத்துக் குடும்பம் ஒன்று அதைப் பார்த்துவிட்டு, அவள் இல்லாத நேரமாக என்னிடம் பெண் கேட்டது. ஜெபித்துச் சொல்கிறோம் என்று அனுப்பினேன். அந்த வாரம் அவள் சிநேகிதி கல்யாணத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் தங்கினாள். நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். சோறு குழைந்திருந்தது. அதைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்ளக்கூட எதிரில் ஆளில்லை. மறுநாள் அவள் போட்டோவைப் பார்த்தேன். கண் பாதி மூடியிருந்தது. நல்ல போட்டோ எடுத்தபிறகு காட்டிக்கொள்ளலாம் என்று டிக்கை எடுத்தேன். நல்ல போட்டோவும் எடுத்தோம். டிக்கை வைக்கவில்லை. மம்சாபுரத்துக்கும் பதில் சொல்லவில்லை.

அவள் பெயரில் நுழைந்தால் அவள் விவரம் அவளுக்குத் தெரியும். அதில் நான் குறை வைக்கவில்லை. மையத்தைச் சாத்தும்போதெல்லாம் கேட்பாள்.

"இன்னைக்கு யாரும் என்னைக் கேட்டாவளாக்கா?"

"இல்லட்டி. நேரம் வரும்."

முகம் சுண்டிப்போகும். பிறகு உட்கார்ந்து தன் விவரத்தைத் திருத்துவாள். முதலில் மாப்பிள்ளைக்குக் கேட்டிருந்த 'அரசு வேலை' என்பதை எடுத்தாள். அப்புறம் 'பட்டதாரி' போனது. அப்புறம் 'மனைவியை இழந்தவரும் சம்மதம்' என்று சேர்த்தாள். "பிள்ளைக இருந்தாலும் சரின்னு போடவாக்கா?" என்றாள். அவசரப்படாதே என்றேன். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருக்க ஆரம்பித்தாள். நானும் கூட இருந்தேன்.

ஒருநாள் கீபோர்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "ஊர்ப் புள்ளைகளை எல்லாம் கட்டிக்குடுத்து அனுப்புதேன். எனக்கு மட்டும் என்னக்கா சாபம்?" அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சத்தியநேசன் என்கிற பள்ளிக்கூட வாத்தியாரின் அம்மா மகனுக்குப் பெண் தேடி வந்தார். திரையில் ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்தார். பார்வை என்னவோ அமிர்தத்தின் மேலேயே இருந்தது. அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போனதும் கேட்டார்.

"உங்க தங்கச்சிய விடவா இதுல ஒரு புள்ள இருக்கு? அவளுக்கு ஆயிட்டுதா?"

"பேசி முடிஞ்சிட்டு," என்றேன்.

பொய் என்று சொல்ல முடியாது. கட்டத்தில் அப்படித்தானே இருந்தது.

போன மாதம் கரண்ட் போய் வந்தது. மறுபடி திறக்கையில் அமிர்தம் அவசரத்தில் விருந்தினர் பெயரில் நுழைந்துவிட்டாள். செத்த நேரம் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்தாள்.

"அக்கா, இதுல என்னைக் காணோம்."

கரண்ட் போனதில் ஏதாவது கோளாறாக இருக்கும் என்றேன். அவள் பெயரில் நுழையச் சொன்னேன், விவரம் இருந்தது. நம்பினாள். அன்று சாயங்காலமே விருந்தினருக்கும் ஒரு பாஸ்வேர்ட் போட்டேன்.

போன ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆராதனைக்குப் போனவளிடம் சத்தியநேசனின் அம்மா கல்யாணத் தேதியை விசாரித்திருக்கிறார். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, எனக்கு எப்போ கல்யாணம்?"

"என்னட்டி கேக்க?"

"பேசி முடிச்சிட்டேன்னு சொன்னியாமே. மாப்பிள்ள யாருன்னு எனக்கும் சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னேன், போதகரய்யா. மம்சாபுரத்தார் கேட்டதை, போட்டோவை, கட்டத்தை, எதையும் விடவில்லை. மறதியா என்று கேட்டாள். இல்லை, தெரிந்துதான் என்றேன். அவள் அழவில்லை. துணிமணியை ஒரு பையில் திணித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவளுக்காக நீங்கள் கேட்கிற என் பாஸ்வேர்டைத் தருகிறேன். அந்தக் கட்டத்தை அவள் இஷ்டம்போல மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் கோபம் தணிந்ததும் அனுப்பிவையுங்கள். எனக்கு அவளை விட்டால் யாரும் இல்லை. அவளுக்கு மட்டும் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?