நிலைக்கு மேல ஒட்டின மாவு

இல்லம்மா, கையெழுத்துப் போட மாட்டேன். எத்தன தடவ கேட்டாலும் இதான் பதில். பெய்ரூத்துலேருந்து மலையேறி ஜஹ்லே வரைக்கும் வந்திருக்க, வெறும் வயித்தோட அனுப்ப மாட்டேன், காப்பியக் குடி. ஆனா அந்தப் படத்த உங்க கண்காட்சியில மாட்டக் கூடாது.

நல்ல படம்தான், யாரு இல்லன்னா? ஒரு ஆளு வீட்டுக்குள்ள நுழையுறாரு, முதுகு மட்டும் தெரியுது. அது எங்க வீட்டுக்காரரு, நஸீப். உள்நாட்டுச் சண்ட நடந்தப்போ, சொந்த ஊரு ஆளுங்களச் சுட மாட்டேன்னு படையிலேருந்து ஓடி வந்து வீட்டுல ஒளிஞ்சிருந்தாரு.

எடுத்தவன் யென்ஸ், டென்மார்க்குலேருந்து சண்டையப் படம் புடிக்க வந்த பத்திரிகைக்காரன். எட்டு நாள் எங்க வீட்டுல ரொட்டியும் உப்பும் தின்னான். உப்பத் தின்னவன் கெடுதல் நெனப்பானா? சண்ட முடியுற வரைக்கும் படத்த வெளிய விட மாட்டேன், முகமும் தெரியாதுன்னு எங்க மாமியார் கையப் புடிச்சு சத்தியம் பண்ணான். ஆறே வாரம். பத்திரிகையில முழுப் பக்கம் வந்துடுச்சு. பாவி.

முகம் தெரியலதான். ஆனா வாச நிலைக்கு மேல பாரு. கோணலா ஒரு வெள்ளக் கட்டி, அதுல மூணு இலை. புதுப் பொண்ணு புகுந்த வீட்டு நிலையில புளிச்ச மாவு ஒட்டுவாளே, அதுதான். ஒட்டிக்கிட்டா குடும்பம் நிலைக்கும்பாங்க. நான் ஒட்டுனது மூணு தடவ என் தலையிலயே விழுந்துச்சு. உன் ராசி அப்படின்னு எங்க நாத்தனார் கிண்டல் பண்றா, தெருவே சிரிக்குது. வந்த கோவத்துல நாலாவது தடவ ஒரே அறை. கோணலா நின்னுடுச்சு.

அன்னிக்கு சிரிச்ச பசங்கதான் அப்புறம் அதே படையில இருந்தானுங்க. எங்க கல்யாணச் சோறு தின்னவனுங்க. பத்திரிகையில அந்த மாவப் பாத்தானுங்க, இது எங்க வீடு, அவரு உள்ளதான் இருக்காருன்னு தெரிஞ்சுடுச்சு. காலையில வந்து கூட்டிட்டுப் போனானுங்க. செருப்பு போடக்கூட விடல. உடம்பும் திரும்பி வரல.

யென்ஸா? இருக்கான். தெனமும் அந்தப் படந்தான் கண்ணு முன்னால வருதுன்னு போன வருஷம் கடுதாசி போட்டிருந்தான். வரட்டும். எனக்கு மட்டும் வராமலா இருக்கு? கல்யாணப் படமெல்லாம் குண்டு விழுந்து எரிஞ்சு போச்சு. எனக்கு மிஞ்சுனது இந்த முதுகு ஒண்ணுதான். அந்தச் சட்டைக்குக் காலர் தெச்சது நான். பத்திரிகைய அலமாரியில துணிக்கு அடியில வெச்சிருக்கேன். எடுத்துப் பாக்குறதும் நாந்தான், திட்டிக்கிட்டே மூடி வைக்கிறதும் நாந்தான். நாப்பது வருஷமா இதே பொழப்பு.

சரி, பேனாவக் குடு. அவரு இருந்தாருன்னு நாலு பேரு பாக்கட்டும். ஆனா மாவு தெரியுற மேல் பக்கத்த வெட்டிட்டுத்தான் மாட்டணும். ஏன்னு கேக்குறியா? யென்ஸ் மொதல்ல கிட்டதாம்மா நின்னான். முதுகு மட்டும் போதும்னான். நாந்தான் அவன் தோளப் புடிச்சு ரெண்டடி பின்னால தள்ளி நிறுத்துனேன், என் மாவும் படத்துல விழட்டும்னு.