கண்ணுக்குத் தெரியாத கூரை

மகள்: மெதுவா பேசுங்க... அப்பா செருப்பு மாட்டிக்கிட்டு இருக்கார்.

மருமகன்: கூரை தெரியுதா, அதைச் சொல்லு.

மகள்: தெரியல.

மருமகன்: ஒரு கீறல் இல்லாம தேய்ச்சிருக்கேன். இவ்வளவு பழைய திறந்த காருக்கு, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்ல கூரை... எவன் போடுவான்?

மகள்: பெருமையெல்லாம் அப்புறம். லிஃப்ட்ல மாட்டினதுலேர்ந்து மூடின வண்டின்னாலே அவருக்கு மூச்சு முட்டுது. தலைக்கு மேல ஏதோ இருக்குன்னு தெரிஞ்சா அவ்வளவுதான், பாதி வழியிலயே இறங்கிடுவார்.

மருமகன்: போன தடவை திறந்தபடியே கூட்டிட்டுப் போய் நனைஞ்சு, காய்ச்சல் வந்து, ஆபரேஷனே நின்னுபோச்சே...

மகள்: இந்தத் தடவையும் தவறினா இதயம் தாங்காதாம். ஆஸ்பத்திரின்னா கிளம்பமாட்டார்னுதான் வேற இடம் சொல்லியிருக்கேன்.

மருமகன்: மூக்குக்கண்ணாடி?

மகள்: என் பையில. வீடு பூரா தேடினார், பாவம்.

அப்பா: என்னம்மா, ரெண்டு பேரும் குசுகுசுன்னு...

மகள்: ஒண்ணுமில்லப்பா... பின்னாடி ஏறுங்க. குனிஞ்சு, குனிஞ்சு...

அப்பா: திறந்த வண்டிக்கு எதுக்குக் குனியணும்?

மருமகன்: அது... இடுப்புக்கு நல்லது மாமா.

அப்பா: ஓஹோ. உன் சித்தப்பா வீட்டுக்குத்தானேம்மா? சீட்டாட?

மகள்: ஆ... ஆமாப்பா.

மருமகன்: கிளம்பியாச்சு. பக்கக் கண்ணாடியெல்லாம் இறக்கிட்டேன். காத்து வருதா மாமா?

அப்பா: வருது, வருது. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க மாப்பிள்ளை.

மகள்: ஏங்க... வானம் இருட்டுது.

மருமகன்: பெய்யட்டுமே. அதுக்குத்தானே இந்தப் பாடு?

மகள்: ஐயோ! பெஞ்சா தண்ணி மேலயே நிக்குமே... கூரை பளிச்சுனு தெரியாதா?

மருமகன்: அட, ஆமால்ல!

மகள்: இதை யோசிக்கவே இல்லையா நீங்க?

மருமகன்: நீ மட்டும் யோசிச்சியா?

அப்பா: என்ன, முன்னாடி சண்டை?

மகள்: சண்டையா? இல்லப்பா... கண்ணை மூடி கொஞ்சம் தூங்குங்களேன்.

மருமகன்: போச்சு. தூற ஆரம்பிச்சிடுச்சு.

மகள்: அப்பா, மேல பாக்காதீங்க... என்னைப் பாருங்க! ஐயோ, கதவை ஏன் திறக்கப் பாக்கறீங்க? ஏங்க, ஓரமா நிறுத்துங்க!

மருமகன்: நிறுத்தினா மறுபடி ஏறமாட்டார்டி...

மகள்: நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!

அப்பா: நிறுத்தாதீங்க மாப்பிள்ளை. கூரை இருக்குன்னு ஏறும்போதே தெரியும். சீட்டாட்டம் இல்லைன்னும் தெரியும். பயமாத்தான் இருக்கு, உயிரே போகுது... நீங்க என்னைவிட பயந்து கிடக்கீங்களேன்னுதான் வாயை மூடிக்கிட்டு வரேன். கையைக் குடும்மா. ஆஸ்பத்திரிக்கு இந்த இடது பக்கம்... திருப்புங்க, திருப்புங்க, தாண்டிடப் போறீங்க!