நோம்பி நாளில் எடுத்த போட்டோ

கிட்டுசாமி: காப்பியெல்லாம் வேண்டாமுங்க எம்மெல்லே. காப்பியக் குடிச்சுப்போட்டுப் பேசுனா கோவம் நமுத்துப் போயிரும். மொதல்ல அந்தப் போட்டோவ எடுங்க.

குருசாமி: அட, உக்காருங்க. என்ர தங்கச்சி புருசனை முன்னால உட்டுக் கூட்டியாந்திருக்கறீங்க, நிறுத்தி வெச்சா பேசறது? மாப்ள, நீங்களாச்சும் உக்காருங்க.

பெரியமுத்து: இருக்கட்டுங்க மச்சான்... நிக்கறேன்.

கிட்டுசாமி: நிக்கட்டும். நாந்தான் கையோட இழுத்தாந்தேன். வாய்க்காலுக்கு மேல தமிழ்நாட்டுல எங்க ஊரு, கீழ கேரளாவுல உங்க தொகுதி. நாஞ் சொன்னாக் கேக்க மாட்டீங்க. பூமாரியக் கட்டுனவன் சொன்னாக் கேப்பீங்களாக்கும்னு...

குருசாமி: என்னத்தைக் கேக்கோணும்?

கிட்டுசாமி: நாளைக்குத் திருவனந்தபுரத்துல, சட்டசபையில, நீங்க எந்திரிக்கக் கூடாது.

குருசாமி: நாலரைக்கு எனக்கு ரயிலுங்க. மூணு செஷனாக் கெஞ்சி, நாளைக்குத்தான் சப்மிஷனுக்கு, நம்ம பிரச்சினையச் சபையில எடுத்துச் சொல்றதுக்கு, நேரங் கெடச்சிருக்குது. போன தடவை மந்திரி என்ன கேட்டாரு தெரியுமுங்களா? 'தண்ணி திருட்டுப் போகுதுங்கறீங்க, தெளிவு எங்க, ஆதாரம் எங்க?'ன்னாரு. கையில ஆதாரமில்லாம, பேந்தப் பேந்த முழிச்சுட்டு உக்காந்தேன். எதுக்கால பெஞ்சுல சிரிக்கறாங்க. இப்பத்தான் ஆதாரம் கெடச்சிருக்குது.

கிட்டுசாமி: ஆதாரமாமா! அது வாட்ஸ்அப்புல எங்க ஊரு வரைக்கும் வந்து நாறிப் போச்சு.

குருசாமி: நான் யாருக்கும் அனுப்பலீங்க. பாடசேகரம், அதான் எங்க நெல்லு வெவசாயிங்க சங்கம், அந்தக் கூட்டத்துல காட்டினேன். எவனோ போன்ல புடிச்சிருக்கறான். அசலு இந்தக் கவர்ல இருக்குது, சபையில அதுதான் செல்லும்.

கிட்டுசாமி: ஏழு படம், வாய்க்கால்ல நாங்க போட்ட ஏழு மோட்டாரு. மொத மோட்டாரு யாருது பாத்தீங்களா? இவனுது! தங்கச்சி ஊடுன்னு கூடப் பாக்கலியே நீங்க?

குருசாமி: பாத்தேன்.

பெரியமுத்து: மச்சான் மேல தப்பில்லீங்கண்ணா. நம்ம மோட்டாரு வாய்க்கால்ல கெடக்கறது நெசந்தானுங்க...

கிட்டுசாமி: பாத்தீங்களா கூத்தை! எனக்காகக் கெஞ்சுடான்னு கூட்டியாந்தா, உங்களுக்கு வக்காலத்து வாங்கறான்! நீ சித்தெ சும்மா இரு பெரியமுத்து.

குருசாமி: அண்ணா, ஒருக்காக் கீழ வந்து பாருங்க. நூத்தியெழுவது ஏக்கரா ரெண்டாம் போகம். கதிர் வாங்கற நேரம். வயலு வெடிச்சுக் கெடக்குது, வெடிப்புல காலை உட்டாக் கணுக்கால் வரைக்கும் போகுது. மீனாட்சிபுரத்துல பசும்புல்லு இல்லாமப் பாலு பாதியாக் கொறைஞ்சு போச்சு. எங்க பங்குத் தண்ணி காயிதத்துல வருது, வாய்க்கால்ல வர்றதில்ல.

கிட்டுசாமி: நாங்க மட்டும் ஆசைப்பட்டா மோட்டாரைப் போட்டோம்? ஆயிரத்தி எரநூறு அடி போரு போட்டும் பொகைதான் வருது. நீங்க நாளைக்குப் பேசுனா ரெண்டு ஸ்டேட்டு ஆபீசருங்களும் ஜீப்புல வந்து எறங்குவாங்க. கரண்டைப் புடுங்குவாங்க. முப்பது வருசத் தோப்பு... கண்ணு முன்னால மட்டை தொங்கறதைப் பாத்திருக்கறீங்களா?

குருசாமி: பாத்திருக்கறேன். உங்களுக்கும் ஒரு வழி வேணுமுங்க, நான் இல்லீங்கல. எங்க தண்ணிய எடுத்துட்டு இல்ல.

கிட்டுசாமி: சேரி, அது கெடக்கட்டும். படம் எடுத்தவன் யாரு?

குருசாமி: அது வேண்டாமுங்க.

கிட்டுசாமி: எங்க ஊருக்காரன்தான?

குருசாமி: சொல்ல மாட்டேன்.

கிட்டுசாமி: சொல்ல வேண்டாம், நானே கண்டுபுடிச்சுட்டேன். பெரியமுத்து, இக்கட்ட வா. என்ர போனைப் பாரு, இந்தப் படத்துல மோட்டாரு பொட்டி மேல என்ன கட்டியிருக்குது?

பெரியமுத்து: ...வேப்பங்கொழைங்க.

கிட்டுசாமி: வாடியிருக்குதா?

பெரியமுத்து: இல்லீங்க... பச்சையாத்தான் இருக்குது.

கிட்டுசாமி: மாரியம்மன் நோம்பியன்னிக்குக் காலையில கட்டுன கொழை. அடிக்கற வெயிலுக்கு மறுநாளே சருகாயிருக்கும். அப்ப அன்னிக்குத்தான் எடுத்திருக்கறான். தென்னை நெழலைப் பாரு, தூருலயே உழுகுது. உச்சிப் பொழுது. மாவெளக்கு எடுக்கற நேரம்! ஊரே கோயில்ல நிக்கும், தோப்புப் பக்கம் ஒரு ஈ காக்கா இருக்காதுன்னு தெரிஞ்சவன்.

குருசாமி: நீங்க போலீசு வேலைக்குப் போயிருக்கோணுமுங்க.

கிட்டுசாமி: கேலி பண்ணாதீங்க. கோயிலுக்கு வராத ஊடு ஒண்ணே ஒண்ணுதான். என்ர தோப்புச் சாளையில குடியிருக்கற சிலுவைராசு.

பெரியமுத்து: அண்ணா! அவரு வேதக்காரரு. எந்த வருசந்தான் நோம்பிக்கு வந்தாரு?

கிட்டுசாமி: அதத்தாண்டா நானுஞ் சொல்றேன். அன்னிக்குத் தனியா இருந்தவன் அவன் ஒருத்தந்தான். உடும்பஞ்சோலைல ஏலத்தோட்ட வேலை போயி, புள்ளைகளோட வந்து நின்னான். தேங்கா போடற வேலை குடுத்தேன், குடியிருக்க எடங் குடுத்தேன். கேரளாக்காரன் புத்தியக் காட்டிட்டான்.

குருசாமி: நானுங் கேரளாக்காரன்தானுங்க. பாத்துப் பேசுங்க.

கிட்டுசாமி: நீங்களுங் காட்டிட்டீங்க.

குருசாமி: ...எடுத்தது சிலுவைராசு இல்லீங்க.

கிட்டுசாமி: அப்ப யாரு?

குருசாமி: அவரில்ல. அவ்வளவுதான்.

கிட்டுசாமி: பேரைச் சொல்லாம 'அவரில்ல'ன்னா நான் எப்புடி நம்பறது? பொழுது உழுகறதுக்குள்ள அவன்ற சட்டிபானை சாளைக்கு வெளிய கெடக்கும்.

பெரியமுத்து: ரெண்டு பொட்டப்புள்ளைங்கண்ணா... பரிச்சை நடந்துட்டு இருக்குது அதுகளுக்கு...

கிட்டுசாமி: உனக்கு ஏன்டா இந்தத் துடி துடிக்குது? நீ அன்னிக்குக் கோயில்லதான இருந்தே?

பெரியமுத்து: ...ஆமாங்கண்ணா.

கிட்டுசாமி: எங்க நின்னே? என்ர கண்ணுல படலியே?

குருசாமி: பந்தியில பரிமாறிட்டு இருந்தாருங்க. பூமாரி சொன்னா.

கிட்டுசாமி: புருசன் சோறு பரிமாறுனதையெல்லாமா அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லுது உங்க தங்கச்சி?

குருசாமி: அவ எல்லாத்தையுஞ் சொல்லுவா. கொழம்புல உப்புக் கம்மின்னுங் கூடச் சொன்னா.

கிட்டுசாமி: ம்... உப்புக் கம்மிதான். சேரி, ஒரு முடிவுக்கு வருவோமுங்க. அந்தக் கவரைப் படத்தோட இந்த மேசை மேல வையுங்க. நாளைக்கு வாயத் தொறக்காதீங்க. சிலுவைராசு பாட்டுக்கு இருந்துட்டுப் போறான், நான் மறந்தர்றேன். இல்லீன்னா...

குருசாமி: அந்தாளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்கறேன்!

கிட்டுசாமி: அப்ப ஒரு பாவமும் அறியாதவனைக் காப்பாத்துன புண்ணியம் உங்களுக்கு. கவரை வையுங்க. ரயிலுக்கு நேரமாச்சுங்க.

பெரியமுத்து: மச்சான்...

குருசாமி: நீங்க பேசாதீங்க மாப்ள. ஒரு வார்த்தை பேசாதீங்க. ...செய்யாத தப்புக்கு ஒரு குடும்பத்தைத் தெருவுல நிறுத்திப்போட்டு நான் சபையில என்னன்னு பேசறது? நாக்கு எந்திரிக்காதுங்க எனக்கு. நூத்தியெழுவது ஏக்கராக்காரனும் நாளைக்கு என்ர மூஞ்சில துப்புவான். துப்பட்டும். இந்தாங்க... எடுத்துக்குங்க.

கிட்டுசாமி: இதை வந்ததுமே செஞ்சிருந்தா காப்பி குடிச்சிருப்பனுங்களே. ஏழும் இருக்குதா பாக்கறேன்... ஒண்ணு, ரெண்டு...

பெரியமுத்து: அண்ணா, அதைக் குடுங்க.

கிட்டுசாமி: என்னடா?

பெரியமுத்து: மச்சான்கிட்டவே திருப்பிக் குடுங்க.

கிட்டுசாமி: கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு? கையை எடுடா!

குருசாமி: மாப்ள, வேண்டாம். நாளைக்கும் நீங்க அந்த ஊருலதான் இருக்கோணும். பூமாரி அங்கதான் பொழைக்கோணும். உட்ருங்க.

பெரியமுத்து: எனக்காகப் பொய் சொன்னது போதுமுங்க மச்சான்.

கிட்டுசாமி: என்ன பொய்யி? ...டேய், என்னடா பொய்யி?

பெரியமுத்து: சிலுவைராசு ஊட்டைத் தொடாதீங்கண்ணா. நோம்பியன்னிக்குப் பந்தியில நான் இல்ல. ஏழு படமும் நாந்தான் எடுத்தனுங்க, என்ர மோட்டாரைத்தான் மொதல்ல எடுத்தேன். என்ர புள்ள தமிழ்ப்ரியாவ மீனாட்சிபுரத்துலதான கட்டிக் குடுத்திருக்கறேன்... வாய்க்காலு போய் முடியற எடத்துல. பதினோரு மாட்டுல ஒம்பதை வித்துப்போட்டா. ஒரு நாளு போன்ல பேசீட்டு இருக்கறப்ப, 'என்னப்பா, அங்க தண்ணிச் சத்தம் கேக்குது?'ன்னா. பின்னால என்ர மோட்டாரு ஓடீட்டு இருக்குதுங்க... 'மழை பேயுது கண்ணு'ன்னு சொல்லிப்போட்டேன். 'அப்ப இங்கயும் வருமாப்பா?'ன்னு கேட்டாளுங்கண்ணா.