கொரிய மொழியில் ஒரு ‘போயிட்டு வாரேன்’

ராமேஸ்வரம் பஸ். மண்டபம் தாண்டியதும், முன் சீட்டிலிருந்த இரண்டு பெண்களில் ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னாள்:

“நேத்து எங்க கொரியன் டீச்சரை அழ வச்சுட்டேன்டி.”

“போன்ல வீடியோ கிளாஸ் எடுக்குறவுகளா? என்னடி சொன்ன?”

“கிளாஸ் முடிஞ்சா நான் ‘போறேன்’னு சொல்லணும். எனக்கு வாய் வரல. நம்ம வீட்டுல அப்படிச் சொன்னா அம்மா அடிக்க வருமே! அதான் ‘போயிட்டு வாரேன்’ங்கிறதக் கொரியன்ல தேடிப் பிடிச்சுச் சொன்னேன்.”

“நல்லதுதானடி?”

“அங்கன சொந்த வீட்ட விட்டுக் கிளம்புறவுக மட்டுந்தான் அப்படிச் சொல்லுவாகளாம். மக வேற ஊருக்குப் போனதுலருந்து அவுககிட்ட யாரும் சொன்னதில்லையாம்.”

“அப்ப தப்புன்னு திருத்துனாகளா?”

“வாயத் தொறந்தாலே உச்சரிப்பத் திருத்துற மனுசி, நேத்து ஒண்ணையும் திருத்தல. கண்ணத் தொடச்சுக்கிட்டு, ‘பாத்துப் போயிட்டு வா’ன்னாக.”

தோழி அவள் பக்கம் திரும்பி, “எனக்கும் அதச் சொல்லிக் குடுடி” என்றாள்.

பாம்பன் பாலம் முழுக்க அதே பாடம்தான். தங்கச்சிமடத்தில் இறங்கிய தோழி, கீழே நின்றபடி அதைக் கொரிய மொழியில் சத்தமாகச் சொன்னாள்.

பஸ் நகர்ந்தது. இவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி உச்சரிப்பைத் திருத்தினாள்.