அமாவாசை மதியம் பன்னிரண்டு வரை

ஓடுகிறேன். புகை. கண் எரிகிறது. ஒரு காலில்தான் செருப்பு. பின்னால் லத்தி விழும் சத்தம், ஈர மூட்டையை அடிக்கிற மாதிரி. மணி பன்னிரண்டு பத்து. செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் ரோடு. அமாவாசை.

"படுத்துக்கோ! சுடுறானுங்க, படு!"

கத்துவது தம்பி செல்வம். முன்னால் ஓடியவன் என்னைத் தேடித் திரும்பி நிற்கிறான். நான் படுத்துவிட்டேன். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

சிங்கவரம் பக்கத்தில் எங்கள் நிலக்கடலைக் கொல்லை. தொழிற்பேட்டைக்கு வேண்டும் என்றது அரசு. நட்ட அளவுக்கல்லை எங்களைப் பெற்ற நைனாவும் இன்னும் இரண்டு பேரும் பிடுங்கிப் போட்டார்கள். மூவரையும் பிடித்துப் போனார்கள். அப்புறம் நோட்டீஸ். அமாவாசைக்கு மறுநாள் காலைக்குள் நிலத்தை விடாவிட்டால் இயந்திரம் இறங்கும். நாங்களும் பதிலுக்குக் கெடு வைத்தோம். இரண்டே கோரிக்கை. பிடித்தவர்களை விடு. நிலத்தை விடு. அமாவாசை மதியம் பன்னிரண்டு வரை. தவறினால் மறியல்.

நாள் குறித்தது நான். கடிதம் எழுதியதும் நான். அமாவாசை என்றால் இங்குள்ள போலீஸ் முழுக்க மேல்மலையனூர் கோயில் கூட்டத்துக்குப் போய்விடும். எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம். ரோட்டில் நாலு பேர்கூட மிஞ்சமாட்டார்கள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். செல்வம் மட்டும் கேட்டான்.

"கோயிலுக்குப் போற ஜனம் இன்னாக்கா பண்ணும்?"

வாயை மூடுடா என்றேன். பெரிய மேதாவி நான்.

உள்ளூர்ப் போலீஸ் போனது நிஜம். ஆனால் எங்கள் கடிதம் ஒரு வாரமாக அவர்கள் கையில் இருந்தது. வெளியூரிலிருந்து மூன்று வண்டி ஆட்களை இறக்கியிருந்தார்கள். ஊர்ப் போலீஸ் என்றால் பெயர் சொல்லித் திட்டும், தள்ளும். வந்தவர்களுக்கு எங்களையும் தெரியாது, மறியலில் சிக்கிய ஸ்பெஷல் பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற பக்தர்களையும் தெரியாது. எல்லோரையும் அடித்தார்கள். எங்கள் பக்கமிருந்து கல் பறந்தது. நானும் ஒன்று எறிந்தேன். அதை மறைக்கமாட்டேன்.

பிறகு மூன்று சத்தம். முதல் சத்தத்துக்குப் பக்தர்கள் ஓடவில்லை. அம்மனுக்கு வேட்டு போடுகிறார்கள் என்று ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டாவது அவள் கழுத்தில் பாய்ந்தது. மூன்றாவது செல்வத்தின் வயிற்றில்.

தவழ்ந்து போய் அவனை மடியில் போட்டுக்கொண்டேன். கையை வைத்து அழுத்துகிறேன். விரலிடுக்கில் சூடாக வருகிறது.

"நைனாவ உட்டுட்டாங்களா?"

விட்டுட்டாங்கடா என்றேன். மணி பன்னிரண்டு இருபதுக்கு அவன் கை தளர்ந்தது.

எண்ணிச் சொல்கிறேன். இரண்டு உயிர். என் தம்பி செல்வம், வயது இருபத்தாறு, கல்யாணம் ஆகாதவன். எலுமிச்சை மாலையோடு வந்த அந்தப் பெண். பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்றார்கள் அவள் வீட்டார். எதிர்வீட்டு மாமாவின் இடது கண். கொல்லை முழுவதும். மறுநாள் காலை, சொன்ன நேரத்துக்கு, பிடுங்காத செடிமேல் இயந்திரம் இறங்கியது.

அன்று மாலை நைனாவை விட்டார்கள். மகனுக்குக் கொள்ளி வைக்க, இரண்டு போலீஸ் காவலோடு. என் கடிதத்தில் முதல் கோரிக்கை அதுதான்.