காளவாசலில் நின்ற கார்

– மொத்தத்தையும் உருவிட்டுப் புதுசா இழுக்கணும் நல்லகாமண்ணே. டேஷ்போர்டுக்குக் கீழ ஒரு ஒயர் உருப்படியா இல்ல.

– இழுக்குறது கெடக்கட்டும் சிக்கந்தர் பாய். என் டிரைவர் பேயாண்டி அறுத்ததாலதான எரிஞ்சிருக்கு? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க.

– அவன் மேல கேசு குடுக்கப் போறீங்களா?

– கேசெல்லாம் இல்ல. எனக்குத் தெரியணும்.

– இந்த அலாரத்த மாட்டுனது யாருண்ணே?

– சகலபாடி சிங்கப்பூர்லருந்து கொண்டாந்தான். ரேடியோ ரிப்பேர் பாக்குற பய ஒருத்தன் மாட்டிவிட்டான்.

– அதான பாத்தேன். காலிங் பெல்லுக்குப் போடுற ஒயர பேட்டரியிலருந்து நேரா இழுத்திருக்கான். பியூஸும் கெடையாது. இவன்கிட்ட வண்டியக் குடுத்ததுக்குத் திருடன்கிட்டயே குடுத்திருக்கலாம்.

– திருடனுக்காக மாட்டல. பேயாண்டிக்காகத்தான் மாட்டுனேன். நான் அந்தப் பக்கம் போனா போதும், சாவிய எடுத்துக்கிட்டு உசிலம்பட்டிக்கு ஆள் ஏத்தப் போயிருவான். அலாரத்த அமத்தாம சாவியத் திருகுனா ஹாரன் கத்தும், இஞ்சின் எந்திரிக்காது.

– ஒயர் எரிஞ்ச அன்னைக்கும் அலாரத்தப் போட்டுட்டுத்தான் போனீங்களா?

– ஆமா. கோர்ட்டுல வாய்தான்னு தல்லாகுளத்துக்கு பஸ்ல போயிட்டேன். இங்க எம் பொண்டாட்டி அன்னக்கொடி அடுப்படியில விழுந்துட்டா. வலது பக்கம் இழுத்துக்கிச்சு, வாய் கோணிருச்சு. பேச்சு இல்ல. பேயாண்டிதான் தூக்கி வண்டியில ஏத்தியிருக்கான்.

– அக்கா மவுத்தானது கேள்விப்பட்டேன். இந்த வண்டியிலன்னு தெரியாதுண்ணே.

– வண்டி எந்திரிக்கல. ஹாரன் கத்துன கத்துல நாகமலை புதுக்கோட்டையே கூடிருச்சாம். மல்லுக்கட்டிப் பாத்துட்டு, பிளேடால ஒயர அறுத்துச் சேத்து எப்படியோ கெளப்பிட்டான். காளவாசல்ல வந்து பொகைஞ்சு நின்னுருச்சு. வேற வண்டி புடிச்சுப் போறதுக்குள்ள, ஆஸ்பத்திரி வாசல்லயே உசுரு போயிருச்சு.

– சேத்ததச் சரியாத்தான் சேத்திருக்கான். அறுத்த நுனி ஒண்ணு டேப்பு சுத்தாமத் தொங்கியிருக்கு. அது வண்டி பாடியில உரசிப் பத்திக்கிருச்சு.

– அப்ப அவன் தப்புத்தான?

– ஒரு உசுர வச்சுக்கிட்டு அந்நேரம் டேப்புக்கு எங்கண்ணே போவான்? பியூஸ் இருந்திருந்தா அது மட்டும் போயிருக்கும், வண்டி நின்னுருக்காது. அவனப் போட்டு அடிச்சீங்கன்னு சொன்னாங்க.

– அடிச்சேன். எழவு வீட்டுல வச்சு, அவ அண்ணன்மாருக முன்னாலயே அடிச்சேன். இவன் வண்டியக் கெடுத்ததுலதான் அவ உசுரு போச்சுன்னு சொன்னேன். அவுக அவன ஊர விட்டே வெரட்டிட்டாக.

– பாவம்ணே அவன்.

– பாவம்தான். ஆனா அவன் தப்புன்னு ஆயிட்டா நான் ஒரு வாய் சோறு திம்பேன் பாய்.

– இந்தச் சாமி படத்தக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க. ஒரு ஒயர் அதுக்குப் பின்னால போகுது. நான் கை வச்சா நல்லாருக்காது.

– நீங்களே எடுங்க. அலாரத்த அமத்துற சுவிட்சு அங்கதான் இருக்கு.

– இதுக்குப் பின்னாலயா?

– எங்க வேணாலும் கை வப்பான், கருப்பசாமி மேல வைக்க மாட்டான்னு நான்தான் அங்க வைக்கச் சொன்னேன். இப்பச் சொல்லுங்க பாய். இம்புட்டு மட்டமான ஒயரு. சுவிட்ச அமத்தியிருந்தாலும் வண்டி எங்கயாச்சும் நின்னுதான இருக்கும்?

– அத எதுக்குண்ணே இப்ப?

– எனக்காகச் சொல்லாதீங்க. உள்ளதச் சொல்லுங்க.

– அமத்தியிருந்தா இந்த ஒயர்ல கரண்டே ஓடாதுண்ணே. எதையும் அறுக்குற வேலையே இல்ல. ஆஸ்பத்திரி வரைக்கும் அலுங்காமப் போயிருக்கும்.

– அப்ப சுவிட்சுதான்.

– பேயாண்டிக்கு எடம் தெரியாது, அவன் என்ன செய்வான்? அத நெனச்சு மனசப் போட்டு ஒழப்பாதீங்க. வீட்டுல வேற யாருக்காச்சும் சொல்லி வச்சிருந்தீங்களா?

– அன்னக்கொடிக்கு மட்டும் சொல்லியிருந்தேன். இடது கைய நீட்டிச் சாமி படத்தையே காட்டிக்கிட்டு இருந்தாளாம். கும்புடச் சொல்றாங்கன்னு நெனச்சு, பேயாண்டி கடைக்கு ஓடிப்போயி சூடம் வாங்கியாந்து ஏத்தியிருக்கான்.